வல்லாரையும் வெறும் வயிறும்

(தி.பி. 2056, சுறவத் திங்களில், தூத்துக்குடியில், பள்ளி இறுதித் தேர்வு எழுதவிருக்கும் மாணாக்கர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆற்றிய உரை.)



நினைவாற்றலும் ஓர்மையும் வளர்க்கும் மூலிகைக் குடிநீர்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். நான் மருத்துவன் அல்லன், தமிழ் கற்பிப்பவன். ஆயினும் முப்பதாண்டுக் காலமாகத் தேர்வுக் காலந்தோறும் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து வருபவன். அந்தப் பட்டறிவோடு, படித்தறிந்தவற்றையும் ஒப்பிட்டுச் சிலவற்றைச் சொல்கிறேன். இனிப்பவை சில, கசப்பவை சில. வல்லாரையே சற்றுக் கசப்புத்தானே!

முதலில் ஒரு நிகழ்ச்சி. சென்ற ஆண்டு இதே பருவத்தில் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை என்னிடம் வந்தார். உப்பளத் தொழிலாளி. மழைக்காலத்தில் அளம் படுத்துவிட்டால் வருவாயும் படுத்துவிடும் என்பதை இவ்வூரில் எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் மடியிலிருந்து இரண்டு புட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஐயா, பிள்ளை படித்ததெல்லாம் மறந்து போகிறது என்கிறாள். இதைக் குடித்தால் நினைவு நிற்கும் என்றார்கள். ஆயிரத்து நானூறு உரூபா. அளத்தில் முன்பணம் வாங்கிக் கொடுத்தேன். உங்கள் கையால் அவளுக்குக் கொடுங்கள்" என்றார். புட்டியின்மேல் ஒரு மூளையின் படம். அதைச் சுற்றி ஒளிக்கதிர்கள். ஆங்கிலமும் வடமொழியும் கலந்த ஒரு பெயர். தமிழில் ஓரெழுத்தும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவரால் படிக்க இயலாது. படிக்க இயன்ற எனக்கும் எந்தச் செடி என்று விளங்கவில்லை.

அந்தப் பெண் அந்த நீரைக் குடித்தாள். பத்தாம் நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். அதன் கரணியத்தை உரையின் இறுதியில் சொல்கிறேன். முதலில் அந்தப் புட்டிக்குள் புகுவோம்.

தேநீர் வேறு, குடிநீர் வேறு

இன்று கடைக்குக் கடை 'மூலிகைத் தேநீர்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தேநீர் என்பது தேயிலை என்னும் ஒரே செடியின் இலையை ஊறவைத்த நீர். 'தே' என்பது சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரை மக்கள் வழங்கிய பெயர். கப்பல் வழியே உலகெங்கும் பரவியது. நம்மவர் அதனோடு இலையைச் சேர்த்துத் தேயிலை என்றாக்கினர். இலங்கை மலைகளில் 1867-இல் சேம்சு தெயிலர் என்பவர் இலூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியதும், பின்னர்க் காப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிந்ததும், அவ்விடமெல்லாம் தேயிலை நிறைந்ததும் நீங்கள் அறிந்தவை. அத்தோட்டங்களில் முதுகொடிய உழைக்க இத்துறையிலிருந்து கப்பலேறிய தமிழர் எத்தனையோ பேர். எனவே தேயிலையின் வரலாறு நமக்கு அயலானதன்று. நம் கண்ணீர் கலந்தது.

ஆனால் வல்லாரையை ஊறவைத்தால் அது தேநீர் ஆகாது. சுக்கையும் கொத்துமல்லி விதையையும் காய்ச்சினால் அது காப்பி ஆகாது. மூலிகையை நீரிலிட்டு வற்றக் காய்ச்சி எடுப்பதற்குச் சித்த மருத்துவர் வைத்த பெயர் 'குடிநீர்'. நாலில் ஒன்றாக அல்லது எட்டில் ஒன்றாக வற்றவைப்பது அவர்கள் முறை. கொதிநீரில் இட்டு மூடிவைத்து இறுத்தால் அது 'ஊறல்நீர்'. குடிநீர் என்றால் மாநகராட்சிக் குழாயில் வருவதாயிற்றே என்று நகைப்பீர்கள். நம் ஊரில் அது என்று வரும் என்று காத்திருப்பவர்க்கு நகைப்பும் வராது! ஆயினும் அச்சொல் இறந்துபடவில்லை. தெங்குக் காய்ச்சல் பரவிய காலத்தில் நிலவேம்புக் குடிநீரும், 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் கபசுரக் குடிநீரும் அரசே தெருத்தெருவாக வழங்கியது. அப்போது குடிநீர் என்ற சொல்லின் மருத்துவப் பொருளைப் படியாதவரும் விளங்கிக் கொண்டனர். நல்ல சொல்லுக்கு வேலை கொடுத்தால் அது எழுந்து நடக்கும் என்பதற்கு இதுவே சான்று.

சொல்லைப் பற்றி இவ்வளவு பேசுவது வீண் என்று எண்ணாதீர்கள். பெயர் பிழைத்தால் மருந்து பிழைக்கும். அதை இப்போது காட்டுகிறேன்.

ஒரு பெயருக்குள் இரண்டு செடி

நினைவாற்றலுக்கென்று இந்நாட்டில் பெயர்பெற்ற செடிகள் இரண்டு. ஒன்று வல்லாரை; மற்றொன்று நீர்ப்பிரமி. இவ்விரண்டும் உறவுடையன அல்ல. வல்லாரை கொத்துமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரமண்ணில் நூல்போன்ற தண்டோடு படர்ந்து, கணுத்தோறும் வேரூன்றி, சிறுநீரக வடிவில் ஓரம் அரிவாள்பல் போன்ற இலையை நிமிர்த்தும். நீர்ப்பிரமியோ தடித்த சிற்றிலைகளும், வெண்மையோ இளநீலமோ ஆன ஐந்திதழ்ப் பூவும் உடையது. சேற்றிலும் ஆழமற்ற நீரிலும் வளரும். சற்று உப்பேறிய நீரையும் தாங்கும். சிங்களவர் அதனை வழங்கும் பெயரிலேயே உப்பைக் குறிக்கும் சொல் இருக்கிறது.

வடநாட்டுச் சந்தையில் இவ்விரண்டுக்கும் 'பிராமி' என்ற ஒரே பெயர் வழங்குகிறது. ஓரிடத்தில் பிராமி என்று கேட்டால் வல்லாரையைக் கட்டிக் கொடுப்பர். கேரளத்தில் அதே பெயரைச் சொன்னால் நீர்ப்பிரமியைக் கொடுப்பர். ஆய்வாளரே இக்குழப்பத்தைப் பலமுறை எடுத்தெழுதியுள்ளனர். இரண்டின் உட்பொருள்களும் வெவ்வேறு. ஒன்றைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவை மற்றொன்றின் புட்டியில் ஒட்டி விற்க இந்த ஒற்றைப் பெயர் இடந்தருகிறது.

தமிழில் இக்குழப்பம் நேரவில்லை. ஈரநிலத்தில் தாழப் படரும் சிறுகீரைகளை நம் முன்னோர் 'ஆரை' என்ற ஓரினப் பெயரால் அழைத்தனர். நீரில் நான்கிலையோடு நிற்பது நீராரை, புளிப்புடையது புளியாரை, வலிமை தருவது வல்லாரை. இனமும் தெரிகிறது, இனத்துள் வேறுபாடும் தெரிகிறது. நீர்ப்பிரமி என்பதன் பின்சொல் வடசொல்லே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் முன்னே 'நீர்' என்று சேர்த்து, வல்லாரையினின்று அதைப் பிரித்து நிறுத்தியது நம் மக்களின் கூர்மை.

நம் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிட வேண்டும். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்து மேட்டுநிலங்களில் நிலவாகை விளைகிறது. அரபு நாட்டிலிருந்து வந்த செடி. ஐரோப்பிய மருந்து நூல்களில் 'திருநெல்வேலி' என்ற அடைமொழியோடே அதற்குப் பெயர். அதன் இலையும் காயும் இத்துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பன்னாடுகளுக்குச் செல்கின்றன. நம் உழவர் அதை 'அவுரி' என்கின்றனர். ஆனால் அவுரி என்பது நீலச்சாயம் தரும் வேறொரு செடி. பெயர் இங்கும் பிறழ்ந்துவிட்டது. நிலவாகை மலமிளக்கி. கப்பலேறிச் செல்லும் அந்த இலை, வெளிநாடுகளில் 'உடல் மெலிவிக்கும் மூலிகைத் தேநீர்' என்று அழகிய பெட்டியில் விற்கப்படுகிறது. அதைக் குடிப்பவருக்கு உடற்கொழுப்புக் குறைவதில்லை. வயிறு கழிந்து நீர்தான் குறைகிறது. மூலிகை என்ற ஒரு சொல்லைக் கண்டவுடன் தீங்கற்றது என்று நம்புவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இலை நம்முடையதாக இருக்கலாம். எதற்கு உரியது என்று அறியாமல் குடித்தால் நம்முடைய இலையும் நமக்குப் பகையே.

ஆய்வு என்ன சொல்கிறது?

வல்லாரை உண்டவனோடு மல்லுக்கு நிற்காதே என்பது நாட்டுப்புறத்தார் வாய்மொழி. முன்னோர் சொன்னால் போதும், ஆய்வு எதற்கு என்று சிலர் கேட்பர். நான் அக்கட்சியினன் அல்லன். பொன் நம்முடையது என்றால் உரைகல்லுக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

நீர்ப்பிரமியை முதலில் எடுத்துக்கொள்வோம். இலக்னோவிலுள்ள நடுவண் மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தார் 1960-களில் அதிலிருந்து பக்கோசைடு என்னும் பொருள்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். 2001-இல் ஆத்திரேலியாவில் உடல்நலமுள்ள வளர்ந்தோர்க்கு நாள்தோறும் 300 மில்லிகிராம் பிழிவைக் கொடுத்துப் பார்த்தனர். பயன் தெளிவாகத் தெரிய 12 கிழமைகள் ஆயின. ஒரே ஒருமுறை கொடுத்துச் சில மணி நேரத்தில் ஆய்ந்தபோது மாற்றம் ஏதும் இல்லை. 2012-இல் இத்தகைய ஆறு ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தவர்கள், கற்றதைத் தாமாக நினைந்து சொல்லும் ஆற்றலில் ஓரளவு மேம்பாடு உண்டென்றும், அறிவின் பிற கூறுகளில் சான்று குறைவென்றும் எழுதினர். சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப் போக்கும் உண்டாவதும் பதிவாகியுள்ளது.

வல்லாரையின் நிலை என்ன? 2017-இல் அதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, நினைவு முதலிய அறிவாற்றல்களில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் விழிப்புணர்வு கூடுவதாகவும் சினம் தணிவதாகவும் தெரியவந்தது. ஏமாற்றமாக இருக்கிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. விழிப்பும் அமைதியும் உள்ளவனுக்கே பாடம் மனத்தில் ஏறும். வல்லாரை நினைவைக் கொண்டுவந்து கொட்டாவிட்டாலும், நினைவு வந்து அமரப் பாய் விரிக்கக் கூடும். அவ்வளவே சொல்லலாம், அதற்குமேல் சொன்னால் அது வணிகம்.

அயல்நாட்டு மூலிகைகளின் செய்தியும் இதுவே. கிங்கோ என்னும் சீன மரத்தின் இலைப்பிழிவு மறதிநோயைத் தடுக்கும் என்று உலகெங்கும் விற்றனர். அமெரிக்காவில் 75 அகவைக்கு மேற்பட்ட மூவாயிரத்துக்கும் மிகுதியான முதியோரைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்து 2008-இல் முடிவு வெளியிட்டனர்: தடுக்கவில்லை.

மாணாக்கச் செல்வங்களே, இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். பயன் தெரிய 12 கிழமை வேண்டும். உங்கள் தேர்வுக்கு இன்னும் அத்தனை கிழமை இல்லை. இன்று தொடங்கினாலும் வினாத்தாளைக் கட்டி அனுப்பிய பிறகே அக்கெடு நிறைவுறும். தேர்வுக்கு முந்தின இரவு குடிப்பவன் பயனை எப்போது காண்பான்? மேலும் நான் சொன்ன ஆய்வுகள் வளர்ந்தோரிடம், அளவிட்ட பிழிவைக் கொண்டு செய்தவை. வீட்டில் ஊறவைத்த நீரில் அப்பொருள் எவ்வளவு இறங்கும் என்பது இலைக்கு இலை, அடுப்புக்கு அடுப்பு மாறும். எனவே ஆய்வின் புகழை அப்படியே நம் குவளைக்குள் ஊற்றிக்கொள்ளக் கூடாது.

வீட்டில் செய்யத்தக்கவை

அப்படியானால் வல்லாரையைத் தள்ளிவிடுவதா? இல்லை. அதை மருந்துக் கடையிலிருந்து மீட்டு அடுக்களைக்குக் கொண்டுவர வேண்டும். அது கீரை. ஏரல், ஆற்றூர், திருவைகுண்டப் பக்கத்து வாய்க்கால் ஓரங்களில் வளர்வது. நம் நெய்தல் நிலத்து உப்புமண்ணில் தானாக வளராது; ஆனால் தொட்டியில் வண்டலும் தொழுவெருவும் இட்டு, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்தால் வளரும். ஒரு கணு போதும். அடுத்த திங்களில் தொட்டி நிறைந்துவிடும். யாழ்ப்பாணத்தார் பச்சை வல்லாரையைத் தேங்காய்த் துருவலோடும் வெங்காயத்தோடும் பிசைந்து சம்பலாக உண்கின்றனர். சிங்களவர் அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காலையில் இலைக்கஞ்சியாகக் குடிக்கின்றனர். காலை உணவும் கீரையும் ஒரே கிண்ணத்தில்! அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம் அது. நம் வீட்டுத் துவையலும் அதற்குக் குறைந்ததன்று.

குடிநீராக வேண்டுவோர் இப்படிச் செய்யலாம். நன்கு கழுவிய வல்லாரை இலை பத்துப் பன்னிரண்டு. தட்டிய சுக்கு ஒரு சிறுதுண்டு. கொத்துமல்லி விதை ஒரு சிறுகரண்டி. இரண்டு குவளை நீரில் இட்டு ஒரு குவளையாக வற்றவைத்து இறுத்து, நம் தேரிக்காட்டுப் பனையின் கருப்பட்டியைச் சிறிது சேர்த்து வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். துழாய் இலை நான்கு சேர்த்தால் நறுமணம் கூடும். காலையில் உணவுக்குப் பின் ஒரு குவளை; கிழமையில் இரண்டு மூன்று நாள்; அதுவே போதும். மிகுதி நன்மை தரும் என்று எண்ணி நாளுக்கு ஐந்து குவளை குடிக்க வேண்டா.

எச்சரிக்கை மூன்று. சாக்கடை ஓரத்திலும் ஆலைக் கழிவுநீர் ஓடும் இடத்திலும் வளர்ந்த வல்லாரையைப் பறிக்காதீர்கள். மண்ணிலுள்ள நஞ்சை அது உறிஞ்சி வைத்திருக்கும். இரண்டாவது, வல்லாரை மாத்திரைகளைத் தொடர்ந்து உண்ட சிலருக்குக் கல்லீரல் நோய் கண்டதாக அயல்நாட்டு மருத்துவர் பதிந்துள்ளனர். கருவுற்ற தாய்மாரும், கல்லீரல் நோயுடையோரும், உறக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ உண்போரும் மருத்துவரைக் கேளாமல் தொடங்க வேண்டா. மூன்றாவது, நீர்ப்பிரமியை நாமே அடையாளம் கண்டு பறித்துக் காய்ச்ச வேண்டா. அதைச் சித்த மருத்துவரிடம் விட்டுவிடுவோம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். மூளைப் படம் போட்ட புட்டிக்கு வட்டிக்கு வாங்குவதைவிட, அங்குள்ள மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்குவது மேல்.

இனித் தேநீர். உண்மையில் ஓர்மைக்கு உடனடியாக உதவுவதாகச் சான்றுள்ளது தேயிலையே. அதில் உறக்கத்தை விலக்கும் காப்பீன் இருக்கிறது. 1949-இல் சப்பானியர் கண்டறிந்த தீயனீன் என்ற பொருளும் இருக்கிறது. இவ்விரண்டும் கூடினால் சிறிது நேரம் கருத்தூன்றல் மேம்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் உணவோடு தேநீர் குடித்தால், அதன் துவர்ப்பு உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. வளரும் பெண்பிள்ளைகள் இதை நன்றாக நினைவில் வையுங்கள். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். இரவில் தேநீர் வேண்டவே வேண்டா. விழித்துப் படிக்க விரும்புவோர் சுக்கும் கொத்துமல்லியும் காய்ச்சிக் குடியுங்கள். தொண்டைக்கு இதமாக இருக்கும், உறக்கத்தைத் திருடாது. நாள் முழுதும் கற்றதை மூளை அடுக்கி வைப்பது உறக்கத்தில்தான்.

நினைவின் வேர்

நினைவாற்றல் என்பது நாவழியே இறங்குவது என்ற எண்ணமே முதற்பிழை. இக்கரையின் வரலாற்றைப் பாருங்கள். முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை அரசின் மேற்பார்வையில் நடந்து, பிறகு முத்துச்சிப்பி அருகியதால் நின்றுபோயிற்று. அக்காலத்தில் முத்துப்பார்கள் கடலுக்கடியில் பல பாகம் ஆழத்தில் கிடந்தன. மேலே நீர்ப்பரப்பில் அடையாளக் கல் ஏதும் இல்லை. கரையிலுள்ள கோயிற் கோபுரத்தையும், உயர்ந்த பனையையும், குன்றின் முகட்டையும் ஒன்றோடொன்று நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, இதோ பார் இங்கே இருக்கிறது என்று தோணியை நிறுத்தினர் நம் கடலோடிகள். எந்தக் கருவியும் இல்லை; எழுதி வைத்த ஏடும் இல்லை. தந்தை மகனுக்குக் காட்டினார்; மகன் மறுநாள் தானே கண்டு சொன்னான்; தவறினால் மீண்டும் காட்டினார். அவர்கள் குடித்தது பழஞ்சோற்று நீரே! பயிற்சியே அவர்தம் வல்லாரை.

இலக்கண நூலாகிய நன்னூலில் பவணந்தியார், மாணாக்கன் கற்கும் முறையையும் வகுத்துள்ளார். கேட்டதை மீண்டும் எண்ணுதல், ஆசிரியரை அடுத்துத் தெளிதல், உடன் பயில்வாரோடு கலத்தல், வினாவுதல், வினாவியதற்கு விடை சொல்லுதல் என்று அவர் அடுக்கிச் செல்கிறார். ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்டால் பிழை நீங்கும். மூன்றாம் முறையும் கேட்டால் பிறர்க்குச் சொல்லும் திறம் வரும் என்கிறார். 1885-இல் எபிங்கௌசு என்னும் செருமானிய அறிஞர், கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோவதையும், இடைவெளிவிட்டு மீண்டும் பயின்றால் நிலைப்பதையும் தம்மைத்தாமே ஆய்ந்து எழுதினார். 2006-இல் அமெரிக்க ஆய்வாளர், பொத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பவரைவிட, மூடிவைத்துவிட்டு நினைந்து சொல்லிப் பார்ப்பவர்க்கே நாள்பட்ட நினைவு மிகுதி என்று காட்டினர். வினாவியதற்கு விடை சொல்லிப் பார் என்று நம் பவணந்தியார் சொன்னது இதுவன்றோ? தம்பிகளே, தங்கைகளே, உருப்போடாதீர்கள். மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். இன்று படித்ததை நாளையும், நான்காம் நாளும், பத்தாம் நாளும் சொல்லிப் பாருங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை.

வெறும் வயிறு

இப்போது அந்தப் பெண்ணிடம் திரும்பி வருகிறேன். மயங்கி விழுந்தவளை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். மருத்துவர் அம்மையார் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. குருதியை ஆய்ந்தார். குருதி நிறமி 12 இருக்க வேண்டிய இடத்தில் 8-கூட இல்லை. "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டார். "தேநீர்" என்றாள். நேற்று? "தேநீர்." அதற்கு முன்னாள்? அவள் தலைகுனிந்தாள். பள்ளியில் கிழமைதோறும் நாங்கள் கொடுக்கும் நீலநிற இரும்பு மாத்திரையைக்கூட, வெறும் வயிற்றில் குமட்டுகிறதென்று அவள் தூக்கியெறிந்து வந்திருக்கிறாள். அவள் மறதிக்குக் கரணியம் மூளையில் இல்லை, வயிற்றில் இருந்தது. குருதிச்சோகையுள்ள பிள்ளைக்கு மூச்சு வாங்கும், கண் இருளும், பாடத்தில் கருத்து நிற்காது. இதை அறியாமல் நாங்கள் அவளை மந்தம் என்று வைது கொண்டிருந்தோம். ஆசிரியனாகிய நானும் வைதேன். இந்த அவையில் அதை ஒப்புக்கொள்கிறேன்.

அவள் தந்தை அந்த 1,400 உரூபாவுக்கு முட்டையும் கடலையும் கேழ்வரகும் முருங்கைக் கீரையும் வாங்கியிருந்தால்? முருங்கையை வாங்கவும் வேண்டியதில்லை; அவர் வீட்டுப் பின்புறத்திலேயே ஒரு மரம் நின்றது. அவர்மேல் குற்றமில்லை. அன்பினால் கடன்பட்டவர் அவர். அந்த அன்பைக் குறிவைத்து, படிக்க முடியாத மொழியில் பெயர் எழுதிப் புட்டியை நீட்டியவர்மேல் குற்றம். உழைப்பவன் நாவில் வழங்கும் மொழியில் மருந்தின் பெயரும் உட்பொருளும் எழுதப்பட வேண்டும் என்று நாம் கேட்பது மொழிவெறி அன்று. அவன் உயிருக்கும் பொருளுக்கும் காப்பு.

இம்மாவட்டத்து எட்டயபுரத்தில்தான் 1956-இல் பெருந்தலைவர் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை எந்த ஆய்வுக்கூடமும் அவருக்குச் சொல்லவில்லை, அவர் கண்டறிந்தார். 2022-இல் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் வந்தது. ஆனால் ஐந்தாம் வகுப்போடு பிள்ளையின் பசி நின்றுவிடுவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர் காலையில் எதை உண்டு வருகின்றனர் என்று நாம் கேட்டதுண்டா?

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. பெற்றோர்களே, புட்டியைத் தேடுமுன் பிள்ளையின் கண்ணிமையைப் பாருங்கள், ஐயமிருந்தால் அரசு மருத்துவமனையில் குருதியை ஆய்ந்து பாருங்கள், விலையின்றிச் செய்வார்கள். ஆசிரியத் தோழர்களே, ஒரு பிள்ளை மறக்கிறாள் என்றால் வையுமுன் 'காலையில் என்ன சாப்பிட்டாய்?' என்று கேளுங்கள். வசதியுள்ள நல்லுள்ளங்களே, தேர்வு முடியும்வரை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு கிண்ணம் கஞ்சிக்கு வழிசெய்யுங்கள். அரிசியும் பயறும் சேர்ந்த கஞ்சி. அதில் ஒரு கைப்பிடி வல்லாரை. அப்போதுதான் வல்லாரை தன் வேலையைச் செய்யும்.

அந்தப் பெண் தேறினாள். மாத்திரையை உணவுக்குப் பின் உண்டாள். தேநீரை மாலைக்கு மாற்றினாள். தேர்விலும் வென்றாள். முதல் மதிப்பெண் பெற்றாள் என்று கதை முடிக்க ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. இயல்பான மதிப்பெண்ணே பெற்றாள். இன்று பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். எங்கள் பள்ளிச் சுவரோரத்தில் வல்லாரைத் தொட்டிகள் பதினான்கு இருக்கின்றன. அவற்றுக்கு நாள்தோறும் நீர் ஊற்றுபவள் அவளே. இந்த உரைக்காக நேற்று ஒரு கொடியைக் கிள்ளினேன். "ஐயா, வேரோடு கிள்ளாதீர்கள், கணுவை விட்டுக் கிள்ளுங்கள், மறுபடி தழைக்கும்" என்று எனக்குப் பாடம் சொன்னாள்.

அவள் சொன்னதையே உங்களிடம் ஒப்படைத்து அமர்கிறேன். வேர் இருந்தால் மீண்டும் தழைக்கும். பிள்ளைகளின் வயிற்றில் சோறு இருக்கட்டும். நாவில் தமிழ் இருக்கட்டும். நினைவு தானே தழைக்கும்.